றினோஸாவின் லப்டொப்பும் மூன்று வருட வொரண்டியும்

சிலாவத்துறையில் யாராவது வீடு கட்ட நினைத்தால் பைசர் வீட்டு வாசலில் வந்து நின்று, "றினோஸா இருக்கிறாவோ?" என்றுதான் கேட்பார்கள். பைசர் மேசன். மீசை அரும்பிய நாளிலிருந்து கல்லும் சாந்துமாகக் கிடப்பவன். முசலிக் கரையில் அவன் கை படாத தெரு குறைவு. இருந்தும் தன்னை விட்டுவிட்டு மனைவியை விசாரிக்கிறார்களே என்று அவன் ஒருநாளும் மனம் நொந்ததில்லை. "உள்ள இருக்கிறா, பிளான் கீறிக்கொண்டிருக்கிறா. இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போடுவான். 'பிளான் கீறிக்கொண்டிருக்கிறா' என்பதை மட்டும் பக்கத்து வளவுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரத்துச் சொல்வான்.

றினோஸா பிறந்தது புத்தளத்தில், சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போன குடும்பங்கள் ஒதுங்கியிருந்த முகாமில். ஒரே கொட்டிலை நடுவில் சேலை கட்டி மறித்து இரண்டு குடும்பங்கள் இருந்த காலம் அது. எந்தப் பக்கம் கதவு வைத்தால் இரண்டு வீட்டுக்கும் காற்று வரும் என்று அந்த வயதிலேயே யோசித்தவள் அவள். சண்டை ஓய்ந்து குடும்பம் ஊருக்குத் திரும்பிய பிறகு மன்னாருக்குப் போய்ப் படவரைஞர் படிப்பு முடித்தாள். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் இடையில் கலியாணம் முடித்துப் போய்விட்டாள்.

பைசர் முதலில் பார்த்தது அவள் கீறிய பிளானைத்தான். அவளுடைய மாமாவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போன இடத்தில், பிளானில் குசினி கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதே என்று அவன் கேட்டபோது, "சோளகக் காத்து அடிக்கிற நேரம் சோத்துக்குள்ள மண் விழாமச் சாப்பிட வேணாமோ?" என்றாள் அந்தப் பெண். பிளான் சொன்னபடியே கட்டினான். கூரை ஏறுவதற்கு முன்பே தன் உம்மாவிடம் விசயத்தைச் சொல்லிவிட்டான்.

கலியாணம் முடித்த பிறகு அவள் கீறினாள், அவன் கட்டினான். அவள் வைத்திருந்தது யாரோ பாவித்து விட்ட பழைய லப்டொப். பெரிய பிளான் ஒன்றைத் திறப்பதற்குள் பைசர் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். கடைசியில் அதன் திரை ஒருநாள் கறுத்தது, திரும்ப வெளுக்கவேயில்லை. அன்றைக்கே புதியது வாங்குவது என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

மன்னார்ப் பட்டினத்துக் கடையில் விற்பனைக்கு நின்றவன் டிலோஜன், வங்காலைப் பொடியன். நல்ல பதவிசு. பெட்டியைப் பிரித்துக் காட்டினான், படம் கீறும் மென்பொருளைப் போட்டு ஓட்டிக் காட்டினான். எல்லாம் ஒத்து வந்த பிறகு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"அக்கா, கொம்பனி ஒரு வருச வொரண்டி தருது. மேல காசு கட்டினா அதை மூண்டு வருசமாக்கலாம். அது உள்ளுக்குத் தன்பாட்டில வாற பழுதுக்கு. விழுந்து உடைஞ்சா, தண்ணி பட்டா, அதுக்கு விபத்துக் காப்பு எண்டு வேற ஒண்டு இருக்கு. அது ஒரு வருசத்துக்கு."

"ரெண்டையும் போடுங்கோ தம்பி" என்றான் பைசர்.

அவன் அப்படித்தான். நான்கு கம்பி போதும் என்ற இடத்தில் ஆறு போடுகிறவன். அவன் கட்டிய வீட்டில் ஆணி அடிக்க முடியாது என்று ஊரில் பகிடி சொல்வார்கள். இவ்வளவு ஆசைப்பட்டு வாங்குகிற பொருளுக்கு இன்னும் இரண்டு கம்பி கூடப் போட்டால் என்ன என்பது அவன் எண்ணம்.

"பொறுங்கோ" என்றாள் றினோஸா. "தம்பி, அந்த மூண்டு வருசத்தை எப்பயிலயிருந்து எண்ணுவீங்கள்?"

"இண்டையிலயிருந்துதான் அக்கா."

"அப்ப, அவங்கள் சும்மா தாற முதல் வருசமும் அதுக்குள்ளதான் அடங்குது."

"ஓம்."

"இண்டைக்கு வாங்காட்டிப் பிறகு வாங்கேலாதோ?"

டிலோஜன் தலையைச் சொறிந்தான். "உண்மையைச் சொன்னா அக்கா, இதை ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்ல. ஒண்டில் போடுவினம், இல்லாட்டி வேணாமெண்டு போவினம். நில்லுங்கோ, கேட்டுச் சொல்லுறன்."

கொழும்பில் உள்ள கொம்பனிக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டான். மூன்று வருடமாக நீட்டுவதை முதல் வருடம் முடிவதற்குள் எந்த நாளிலும் வாங்கலாம், ஆனால் விலை அப்போதைய விலைதான். விபத்துக் காப்பை மட்டும் பொருள் வாங்கி ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு தரமாட்டார்கள்.

"நல்லம். யோசிச்சுச் சொல்லுறம்" என்று றினோஸா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

பைசருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையில் பின்னால் நின்றவர்கள், இவர்கள் கையில் காசில்லாமல் நழுவுகிறார்கள் என்று நினைத்திருப்பார்களே என்பது அவன் கவலை. வங்காலை தாண்டும்வரை வண்டியை விரட்டிக்கொண்டே போனான். பின்னால் பெட்டியை மடியில் அணைத்தபடி இருந்த றினோஸா, அரிப்புப் பாலத்தில் அவன் தோளைத் தட்டி மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னாள்.

"கோவமோ?"

"கோவமில்ல. இவ்வளவு சாமானை வாங்கிப்போட்டு அதில போய்ப் பிடிக்கிறியே எண்டுதான்."

"சரி, நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் ஒரு வீடு கட்டிக் குடுக்கிறீங்கள். ஒரு வருசத்துக்குள்ள வெடிப்பு வந்தா நானே பூசித் தருவன் எண்டு சொல்லுறீங்கள். அதே வருசத்துக்கு வேற ஒருத்தன் வந்து, நானும் பூசித் தாறன், இப்பவே காசைத் தாங்கோ எண்டா வீட்டுக்காரன் குடுப்பானோ?"

பைசர் இறங்கி மோட்டார் சைக்கிளைப் பாலத்துக் கட்டோடு சாய்த்து வைத்தான்.

"மற்றது, கட்டின வீடு ஒழுகுமோ ஒழுகாதோ எண்டு ஒரு மழை பாத்தாத்தானே தெரியும்? இதுக்கும் ஒரு சோளகம், ஒரு மாரி போகட்டும். மெசின் எப்பிடியெண்டு பாத்திட்டு, வருசம் முடியிறதுக்கு முன்னம் முடிவெடுப்பம்."

"அதுக்குள்ள விலை கூடினா?"

"கூடும்தான். அது தெரிஞ்சுதான் சொல்லுறன். ஆனா விழுறது உடையிறது அப்பிடியில்ல. அது நாளைக்கும் நடக்கும். நான் இதைத் தூக்கிக்கொண்டு கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவிலதானே திரியிறன்? அதுக்கு இந்த மாசமே காப்பு எடுக்க வேணும். எதெதுக்குக் குடுப்பினம் எண்டு கேட்டுப்போட்டு எடுப்பம்."

பைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானோ வீடு கட்டுகிறவன், ஆனால் வீட்டை வைத்து இந்தக் கணக்கைத் தனக்குப் போடத் தெரியவில்லையே என்று நினைத்தான். கூடவே, போடத் தெரிந்தவள் தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டான்.

அடுத்த கிழமை றினோஸா கொழும்புக்குத் தானே பேசினாள். புத்தளத்துப் பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் பழகிய சிங்களம் அவளுக்கு. தொலைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு பேச, பைசர் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டான். பாதிதான் விளங்கியது. ஆனாலும் தன் மனைவி யாரோ ஒரு கொழும்புக்காரியோடு தடக்குப்படாமல் பேசுவதை முழுவதும் இரசித்தான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் திருத்தித் தருவீர்களா? தருவோம். தேநீர் கொட்டுண்டால்? தருவோம். மன்னாருக்கு ஆள் வருமா? வராது, வாங்கிய கடையில் கொடுத்தால் கடை அனுப்பிவைக்கும்.

கடைசியாக, கடற்காற்றின் உப்பில் கறள் பிடித்து உள்ளே துருவேறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, கறளுக்கு எந்த வொரண்டியும் பொறுப்பில்லை, நீட்டினாலும் இல்லை என்றாள்.

"மறைக்காமச் சொன்னாளே, அதுக்கே சந்தோசம்" என்று றினோஸா தொலைபேசியை வைத்தாள். அன்று பின்னேரமே விபத்துக் காப்புக்குக் காசு கட்டினார்கள்.

புதிய லப்டொப்பில் வேலை பறந்தது. அடம்பனில் ஒரு நெல் களஞ்சியம், பாப்பாமோட்டையில் இரண்டு வீடுகள், அரிப்பில் ஒரு கடைத்தொகுதி. பிறகு ஆடி மாதத்தில் முள்ளிக்குளத்திலிருந்து கிறேஸ் ரீச்சர் வந்தார். இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறிக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே மரத்தடியில் பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். கட்டடத்துக்குக் காசு கிடைத்துவிட்டது, பிளான்தான் வேண்டும் என்றார்.

"பெரிய ஆக்களிட்டப் போகலாம் எண்டு சொன்னவை" என்றார் கிறேஸ் ரீச்சர். "நான்தான், இந்தக் கரையில இருக்கிற பிள்ளை, இந்தக் காத்துத் தெரிஞ்ச பிள்ளை கீறட்டும் எண்டனான்."

அதுவரை றினோஸா கீறியதெல்லாம் தனியார் வீடும் கடையும். ஊருக்குப் பொதுவான கட்டடம் இதுதான் முதல். பைசர் அன்று முழுக்க யாரைக் கண்டாலும் முள்ளிக்குளம் பற்றி ஏதாவது ஒரு சாட்டில் பேச்செடுத்தான்.

வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடிக்க மன்னாருக்குத்தான் போகவேண்டும். அன்றைக்கு றினோஸாவுக்குக் காய்ச்சல். "நான் கொண்டுபோய் அடிச்சுக்கொண்டு வாறன்" என்று பைசர் லப்டொப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டான். வழி நெடுக வண்டியை உருட்டாத குறையாகத்தான் ஓட்டினான். பட்டினத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது நடந்தது. தெருவோரம் சிவனே என்று நின்ற கழுதைகளில் ஒன்று, என்ன நினைத்ததோ, திடீரென்று நடுத்தெருவுக்கு வந்தது. பைசர் வெட்டித் திருப்பினான். கழுதை தப்பியது. வண்டி சரிந்தது, முழங்கால் தேய்ந்தது. பை தோளிலிருந்து கழன்று மதகுக் கட்டில் மோதியது.

சனம் ஓடிவந்து அவனைத் தூக்கியது. அவன் தன் காலைப் பார்க்கவில்லை. பையைத் திறந்தான். திரை சிலந்தி வலை மாதிரி வெடித்துக் கிடந்தது. நடுத்தெருவில் இருந்தபடி அவனுக்கு அழுகை வந்தது. எத்தனை வீட்டுக்குக் கம்பி கூடப் போட்டவன், தன் வீட்டுப் பொருளை உடைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

தொலைபேசியில், "றினோஸா, உடைச்சுப்போட்டன்" என்றான்.

"நீங்கள் உடைஞ்சனீங்களோ?"

"இல்ல, கால் கொஞ்சம்..."

"அப்ப காலைக் கட்டுங்கோ முதல்ல. பிறகு நேரே டிலோஜனிட்டக் குடுத்திட்டு வாங்கோ. இதுக்குத்தானே காப்பு எடுத்தனாங்கள்."

டிலோஜன் பெட்டியிலிட்டு அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினான். திருத்தி வர இரண்டு கிழமையாகும் என்றான். ஆனால் பிரதேச சபைக்குப் பிளான் அதற்கு முன்பே போகவேண்டும். றினோஸாவிடம் பென் டிறைவில் பிரதி இருந்ததால் தாள்கள் பலதை அச்சுக் கடையிலேயே எடுத்துவிட்டார்கள். யன்னல் தாள்தான் மிச்சம். சின்னப் பிள்ளைகள் நின்றபடி வெளியே பார்க்கக் கூடியதாக யன்னலைப் பதித்துத் தாழ வைக்கவேண்டும் என்று கிறேஸ் ரீச்சர் பிந்திச் சொல்லியிருந்தார். அதை இனித்தான் கீற வேண்டும்.

றினோஸா அலுமாரிக்கு மேல் கிடந்த படப்பலகையை எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் தாளை ஒட்டி, அடிமட்டத்தை வைத்து, கையால் கீறத் தொடங்கினாள். அவள் கையால் பிளான் கீறி பைசர் பார்த்ததேயில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டி முன்னால் இருந்துகொண்டு பென்சில் சீவிக் கொடுத்தான். காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு அவள் குனிந்திருந்தாள். ஒரு கோடு போனால் போனதுதான், அழிறப்பரைத் தொடவில்லை. அவனுடைய உம்மா பாத்தும்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் முறை தானே சோற்றுப் பீங்கானைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். கொழும்புப் பெட்டி வராவிட்டாலும் இவள் கீறுவாள் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது. கால் நோவு பாதி குறைந்த மாதிரி இருந்தது.

பிளான் குறித்த நாளில் சபைக்குப் போனது. யன்னல் தாளையும் சேர்த்து ஒரு திருத்தமும் இல்லாமல் அனுமதி வந்தது. லப்டொப்பும் புதிய திரையோடு வந்து சேர்ந்தது, திருத்தக் கூலி கேட்கவில்லை. பெட்டியைக் கொடுக்கும்போது டிலோஜன் ஒரு சேதி சொன்னான்.

"அக்கா, திருத்தினவர் சொல்லச் சொன்னவர். உள்ளுக்குக் காத்தாடிப் பக்கத்துத் திருகாணியளில கறள் தொடங்கியிருக்காம். கடலோரமோ எண்டு கேட்டவர்."

மார்கழி கடைசியில் டிலோஜனே தொலைபேசி எடுத்தான். "அக்கா, வருசம் முடியப் போகுது. மூண்டு வருசமாக்கிறதெண்டா இப்பதான். விலை கொஞ்சம் ஏறியிருக்கு."

பைசர் கையைக் காட்டிக் காட்டி, "போடச் சொல்லு, போடச் சொல்லு" என்றான். திரை உடைந்த நாளிலிருந்து அவன் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தான்.

றினோஸா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். "அவங்கள் நாங்கள் பாக்கிறம் எண்டு சொல்லுற பழுது ஒண்டாவது இந்த வருசம் வந்ததோ? காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் ஓடியிருக்கு, ஒருக்கா நிண்டதோ? உள்ளுக்கு மெசின் நல்ல மெசின். இதைக் கொல்லுறதெண்டா உப்புத்தான் கொல்லும். அதுக்கு அவங்கள் பொறுப்பில்ல எண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டாள். பிறகு எதுக்குக் காசு?"

பைசர் காட்டிய கையை இறக்கினான்.

"தம்பி டிலோஜன்" என்றாள் அவள் தொலைபேசியில். "நீட்டுறது வேணாம். விபத்துக் காப்பைத் தனிய இன்னொரு வருசத்துக்குப் புதுப்பிக்கலாமோ?"

"அது ஏலும் அக்கா, காலாவதியாகிறதுக்கு முன்னம் கட்டினாச் சரி."

"அப்ப அதைப் போடுங்கோ. கழுதையள் இன்னும் மன்னாரிலதானே நிக்குது."

மறுமுனையில் டிலோஜன் சிரித்தது பைசருக்கும் கேட்டது. தன் முழங்காலைத் தடவிக்கொண்டு அவனும் சிரித்தான். பிறகு கேட்டான்:

"அப்ப கறளுக்கு?"

"அதுக்கு நீங்கள்தான்" என்று றினோஸா லப்டொப்பை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு சின்ன அறை இருந்தது. அவர்களுடைய வீட்டின் பின்புறம், கடல் இல்லாத பக்கம். மேற்கில் யன்னலே இல்லாத சுவர். கிழக்கில் கண்ணாடி போட்ட ஒரு யன்னல். வெளிக்காற்று நேரே நுழையாதபடி கதவுக்கு முன்னால் ஒரு திருப்பம். மின்னல் நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்த ஒரு சுவிச். லப்டொப் புதிய திரையோடு வந்த கிழமையிலிருந்தே கீறி வைத்திருக்கிறாள், அவனிடம் சொல்லவில்லை.

"மூலையில 'அலுவலகம்' எண்டு எழுதியிருக்கே" என்றான் பைசர்.

"பின்ன? சாப்பாட்டு மேசையில எவ்வளவு காலம்?"

மாரி முடிந்ததும் பைசர் கல் அடுக்கத் தொடங்கினான். வெளி வேலைகளுக்குக் கூலி ஆட்களை வைப்பவன், இதற்கு ஒருவரையும் தொடவிடவில்லை. கம்பி மட்டும் பிளானில் உள்ளபடிதான் போட்டான். ஏனென்றால் கீறியவள் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து அவள் லப்டொப்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்த அன்று, உம்மா கஞ்சி காய்ச்சி அயலுக்குக் கொடுத்தார்.

எல்லாம் சொன்னபடி போனது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த சோளகத்தில் ஒருநாள் காலையில் லப்டொப் உயிர்க்கவில்லை. பொத்தானை அமத்த அமத்தச் சும்மா கிடந்தது. அன்றைக்கு வொரண்டியை நீட்டியிருக்கலாமே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும் பைசர் வெளியே விடவில்லை. றினோஸாவின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் சார்ஜர் வயரை நுனியிலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். நடுவில் எலி கடித்திருந்தது. டிலோஜன் சிலாவத்துறைப் பக்கம் வந்த தெரிந்தவரிடம் புதிய சார்ஜர் கொடுத்து அனுப்பினான், மறுநாளே வேலை ஓடியது.

"உண்மையா மெசின் போயிருந்தா என்ன செய்திருப்பாய்?" என்று பிறகு கேட்டான் பைசர்.

"பிழையா முடிவெடுத்திட்டன் எண்டு சொல்லியிருப்பன்" என்றாள் அவள். "ஆரிலயும் பழி போட்டிருக்க மாட்டன். யோசிச்சு எடுத்த முடிவுதானே."

அவளுடைய வேறு எந்தப் பேச்சையும்விட அந்தப் பதில் பைசருக்குப் பிடித்தது. அடுத்த நாள் வேலைத்தளத்தில் அதைக் கூட வேலை செய்பவர்களுக்குச் சொன்னான். அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

முள்ளிக்குளத்துப் பாலர் பாடசாலை அந்த வருடக் கடைசியில் திறக்கப்பட்டது. தேவாலயத்துச் சாமியார் வந்து மந்திரித்து ஆசீர்வதித்தார். சிலாவத்துறையிலிருந்தும் சனம் ட்ரக்டரில் போயிருந்தது. பிள்ளைகள் பேச்சு எதையும் கேட்காமல் அறைக்குள் ஓடிப்போய், பதித்து வைத்த யன்னல்களில் நாடியை ஊன்றிக்கொண்டு வெளியே நின்ற பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே காற்று மண்ணை வாரிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தாள் பறக்கவில்லை.

கிறேஸ் ரீச்சர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்தக் கட்டடத்தைக் கீறினவ சிலாவத்துறை றினோஸா. அவ இஞ்சதான் இருக்கிறா. எழும்புங்கோ பிள்ளை, சனம் பாக்கட்டும்."

றினோஸா முக்காட்டைச் சரிசெய்தபடி எழுந்தாள். முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை கைதட்டல் போனது.

"கட்டினவர் அவவின்ர மனுசன், பைசர்" என்றார் ரீச்சர்.

மேசன் பைசர் என்றுதான் அதுவரை உலகம் அவனை அழைத்திருந்தது. பின்னால் சீமெந்துக் கல்லொன்றில் இருந்தவன் எழுந்து நின்றான். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "நீங்களோ தம்பி அந்தப் பிள்ளையின்ர மனுசன்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றான் பைசர். கிழவருக்குக் காது மந்தமாக இருக்குமோ என்று நினைத்தவன் போல இன்னொரு தடவை, இந்தமுறை உரத்து, "ஓம், நான்தான்" என்றான்.